பூரணி கம்பெனிக்கு வந்த தந்தி

1

கெஜட்டைப் புரட்டிக்கொண்டிருந்த சோமசேகரத்தின் விரல் ஒரு வரியில் குத்திட்டு நின்றது.

'பூரணி பிளாண்டிங் கம்பெனி லிமிடெட், பெக்கான் நானாஸ்.'

அதற்கு மேலே நாலு வரி ஆங்கிலம். கீழ்க்கண்ட கம்பெனிகள் தொழில் நடத்துவதாகத் தெரியவில்லை. இன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் தக்க காரணம் காட்டாவிட்டால் அவற்றின் பெயர்கள் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். அத்துடன் அவை கலைந்துபோகும்.

கெஜட்டின் தேதி 1934 ஜூன் 6.

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். செப்டம்பர் 6. வியாழக்கிழமை.

மூன்று மாதம் இன்றோடு முடிகிறது!

நாளை வெள்ளி. ஜொகூர் சர்க்காருக்கு விடுமுறை. சனிக்கிழமை காலை பட்டியல் அச்சுக்கூடத்துக்குப் போய்விடும். ஆக, கையில் இருப்பது இன்று மாலை நாலு மணி வரைதான். கடிகாரம் பத்தேகால் காட்டியது.

சோமசேகரம் ஜொகூர் பாருவில் சர்க்கார் இலாகா ஒன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு வருஷச் சர்வீஸ். பென்ஷனுக்கு இன்னும் மூன்றே வருஷம். எட்டு மாத லீவில் யாழ்ப்பாணம் போய்த் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. குவிந்து கிடந்த கெஜட்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவருக்கு இந்த இடி.

கதை எட்டு வருஷம் பழையது. ரப்பர் விலை வானத்தில் பறந்த காலத்தில் சோமசேகரம் உட்பட ஐந்து யாழ்ப்பாணத்துக் கிராணிமாரும் ஒரு தோட்டத்துக் கங்காணியும் சேர்ந்து பூரணி கம்பெனியை ஆரம்பித்தார்கள். சர்க்கார் உத்தியோகஸ்தன் கம்பெனி நடத்தக்கூடாது என்பது சர்க்கார் சட்டம். அதனால் கிராணிமாரின் பங்குகள் எல்லாம் மனைவிமார் பேரில். டைரக்டர் என்று வெளியே வந்து கையெழுத்துப் போட இருந்த ஒரே ஆண்பிள்ளை கங்காணி ஐயாசாமி. அவர் அறிந்த எழுத்து தமிழ் எழுத்து மட்டும். கணக்கு, கடிதம், வருஷாந்த ரிட்டர்ன் எல்லாவற்றையும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதியவர் சோமசேகரம்.

முப்பதாம் வருஷம் விலை விழுந்தது. நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுக் கிராணிமார் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியது பெக்கான் நானாஸில் பன்னிரண்டு ஏக்கர். அது ஐயாசாமியின் பங்கு. அவரும் மனைவி கிருஷ்ணம்மாவும் அதில் அன்னாசி போட்டுப் பிழைத்தார்கள்.

"பேரு மாத்திக்க வேணாமா கிராணியாரே?" என்று ஐயாசாமி அன்றைக்கே கேட்டார்.

"ஏன் காணும் முத்திரைக் காசை வீணாக்குவான்? கம்பெனி பேரிலையே கிடக்கட்டும். படுத்துக்கிடக்கிற கம்பெனி சோறு கேக்காது. வருஷத்துக்கு ஒரு கடுதாசி போட்டாச் சரி."

சோமசேகரம் சொன்ன புத்திமதிதான் அது. அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தார்.

இப்போது டைப்ரைட்டரில் காகிதத்தை ஏற்றினார். பதிவாளருக்குப் பதில்: கம்பெனி உயிரோடுதான் இருக்கிறது, பெயரை நீக்க வேண்டாம். அதை உருவி மடித்துப் பைக்குள் வைத்தார். தலைவலி என்று துரைக்கு ஒரு சீட்டு. அடுத்த நிமிஷம் தெருவில் வாடகைக் காரைக் கை காட்டி நிறுத்தினார்.

"பெக்கான் நானாஸ். கெதியாய்!"

2

அன்னாசி வரிசைகளுக்கு நடுவே இடுப்புவரை மறைந்து நின்றார் ஐயாசாமி. காரைக் கண்டதும் கத்தியை மண்ணில் குத்திவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்தபடி ஓடிவந்தார். முழங்கையிலிருந்து விரல் வரை முள் கீறிய கோடுகள்.

"வாங்க கிராணியாரே! ஊருலேருந்து எப்ப வந்தீங்க? வீட்டுல அம்மா சொகமா? ஏ கிருஷ்ணம்மா, யாரு வந்திருக்காங்க பாரு! காருல வந்திருக்காங்க, காருல!"

"ஐயாசாமி, கதைக்க நேரமில்லை. நான் போகேக்கை தந்திட்டுப் போன ரிட்டர்ன் எங்கை?"

"அதுவா? பத்திரமா இருக்கு."

"இருக்கோ? இங்கையோ இருக்கு? அனுப்பேல்லையோ?"

ஐயாசாமி விழித்தார். "நீங்கதானே நிப்பாட்டச் சொன்னீங்க?"

"நானோ!"

"அலமாக்! மறந்துட்டீங்களா? தந்தி அடிச்சீங்களே!"

கிருஷ்ணம்மா அதற்குள் பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டாள். ஐயாசாமி மூடியைத் திறந்தார். உள்ளே எல்லாம் அடுக்காக இருந்தன. சோமசேகரம் நிரப்பிக் கொடுத்த ரிட்டர்ன். கம்பெனிப் பதிவாளர் முத்திரையோடு ஒரு கடித உறை. அதே முத்திரையோடு ரிஜிஸ்தர் தபாலில் வந்த இன்னொன்று. இரண்டும் பிரிக்கப்படவே இல்லை. அடியில் நிலவரி ரசீதுகள். எல்லாவற்றுக்கும் மேலே, நாலாக மடித்த தந்தி.

சோமசேகரம் அதை விரித்தார். ஆங்கில எழுத்தில் இரண்டே சொற்கள்.

ரிட்டர்ன் நில்.

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. லீவில் கப்பலேறும் முன் ரிட்டர்னில் ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். அன்னாசிக் கொட்டகையை, பழத்தை டின்னில் அடைக்கும் தொழிற்சாலைக்காரன் ஒருவன் வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். வாடகைக்குப் போனால் கம்பெனிக்கு வருமானம் உண்டு, போகாவிட்டால் இல்லை. 'கொட்டகை வாடகைக்குப் போகவில்லை, ரிட்டர்னை என்ன செய்ய?' என்று ஐயாசாமி யாழ்ப்பாணத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார். தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு. சோமசேகரம் இரண்டு சொல்லில் முடித்தார்.

"பொந்தியான் தபாலாபீசுல குடுத்துப் படிக்கச் சொன்னேன்" என்றார் ஐயாசாமி. "ரிட்டர்ன், நில்லுன்னு படிச்சாரு. ஒரு தடவைக்கு ரெண்டு தடவ படிக்கச் சொன்னேன். அதேதான். சரி, கிராணியாரு காரணமில்லாம சொல்ல மாட்டாருன்னு நிப்பாட்டிட்டேன்."

"ஐயோ, அது இங்கிலீசு காணும்! நில் எண்டா ஒண்டுமில்லை எண்டு அர்த்தம். அந்தக் கட்டத்திலை 'ஒண்டுமில்லை' எண்டு எழுதுவிச்சு அனுப்பச் சொன்னனான்!"

ஐயாசாமி தந்தியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். எழுத்துகளையே முதல் தடவை பார்ப்பவர்போல் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இங்கிலீசா?" என்றார் மெதுவாக. "தமிழ் ஆளு தமிழ் ஆளுக்கு அடிச்ச தந்தின்னு நெனச்சேன். தோட்டத்துப் பெரட்டுல இருவது வருசம் நின்னவன் கிராணியாரே. காலையில வரிசையில நில்லுன்னா நிக்கணும். ஏன்னு கேட்டா ஒத விழும். நில்லுன்னு இருந்துச்சு, நின்னுட்டேன்."

"அதுக்குப் பிறகு சர்க்கார் கடுதாசி ரெண்டு வந்திருக்கே! பிரிச்சுப் பாக்கக் கூடாதோ?"

கிருஷ்ணம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நான் அப்பவே தலையில அடிச்சுக்கிட்டேன். ரிஜிஸ்தர் சூராட் வந்திருக்கு, சர்க்காரு கடுதாசி, யாருகிட்டயாவது காட்டுங்கன்னு. 'கிராணியாரே நில்லுன்னுட்டாரு, நீ என்ன நடங்குற'ன்னு என் வாய அடைச்சாரு. ஏங்க ஐயா, எட்டு மாசம் ஊருல இருந்தீங்க, இன்னும் ரெண்டு வார்த்த சேத்து அடிச்சா கொறஞ்சா போயிருப்பீங்க?"

"ஏய், யாருகிட்ட பேசுற?" என்று ஐயாசாமி அதட்டினார்.

"பேசட்டும்" என்றார் சோமசேகரம்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். இன்று நாலு மணிக்குள் போய்ப் பதில் கொடுக்காவிட்டால் கம்பெனி செத்ததாக அர்த்தம்.

"செத்தா செத்துட்டுப் போவுது" என்றார் ஐயாசாமி. "அது படுத்து நாலு வருசமாச்சு. நெலம் என்னோடதுதானே?"

"உம்மடைதான். ஆனா பத்திரத்திலை பேர் கம்பெனியின்ரை. செத்த கம்பெனியின்ரை காணி சர்க்காருக்குப் போகும்."

கிருஷ்ணம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் திரும்பி வயலைப் பார்த்தாள். முந்தாநாள் நட்ட கன்றுகள் கறுப்பு மண்ணில் வரிசை வரிசையாக நின்றன.

"பன்னெண்டு ஏக்கருமா?"

"ஓம்."

"போங்க" என்று புருஷனின் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "சட்டயப் போட்டுக்கிட்டுப் போங்க!"

ஐயாசாமி சட்டை மாட்டிக்கொண்டு வந்தபோது கையில் நிலவரி ரசீதுக் கட்டும் இருந்தது. "ஒரு வருசம் விடாம வரி கட்டியிருக்கேன். இதையும் காட்டுவோம். சர்க்காரு வாங்கிப் போட்டுக்கிட்டது பொய்யா?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. சோமசேகரம் தலையாட்டினார்.

3

ஸ்கூடாய் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. முன் கண்ணாடியில் எதுவும் தெரியவில்லை. கார்க்காரர் தலையை வெளியே நீட்டி ஓட்டினார். மணி இரண்டேமுக்கால்.

"ஐயாசாமி, ஒரு சங்கதி. அங்கை நான் ஆரோ எவரோ. உமக்கு மலாயிலை பேசித் தர வந்த ஆள், அவ்வளவுதான். சர்க்கார் கிராணி கம்பெனி எழுதினவன் எண்டு தெரிஞ்சா வேலையும் போகும், பென்ஷனும் போகும். விளங்குதோ?"

"இது தெரியாதா லா? எட்டு வருசமா எவன்கிட்டயாவது உங்க பேரச் சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லை. அது சோமசேகரத்துக்கும் தெரியும்.

மூன்றரைக்குப் பதிவாளர் அலுவலகப் படியேறினார்கள். கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர் மலாய்க்கார அதிகாரி இஞ்சே ஓஸ்மான். நிதானமான மனிதர். சோமசேகரத்தை இலாகா விஷயமாக மாதத்தில் இரண்டு தடவையாவது பார்ப்பவர்.

"ஓ, சோமசேகரம்! லீவு முடிந்ததா? என்ன இந்தப் பக்கம்?" என்று மலாயில் கேட்டார்.

"இவர் எனக்குத் தெரிந்தவர், துவான். மலாய் அவ்வளவாக வராது. பேசிக்கொடுக்க வந்தேன்."

அதிகாரி பதிலைப் படித்தார். எழுந்து போய்ப் பூரணி கம்பெனியின் ஃபைலை எடுத்துவந்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்று அடித்தது.

"முப்பத்தொன்றாம் வருஷம், தொழில் ஒன்றுமில்லை. சொத்து ஒன்றுமில்லை. முப்பத்திரண்டு, ஒன்றுமில்லை. முப்பத்துமூன்று, ஒன்றுமில்லை. இந்த வருஷம் ரிட்டர்னே இல்லை. இரண்டு கடிதம் போட்டோம், பதில் இல்லை. இன்றைக்கு வந்து கம்பெனி உயிரோடிருக்கிறது என்றால் நான் எதை நம்புவது? கேளுங்கள்."

சோமசேகரம் தமிழில் சொன்னார். சொத்து என்ற கட்டத்திலும் 'நில்' என்று எழுதியது அவரே. நிலம் ஐயாசாமியுடையது, கம்பெனிக்கு என்ன சொத்து என்று அன்றைக்குச் சுருக்கமாக எழுதி முடித்திருந்தார்.

ஐயாசாமி ஆவலோடு ரசீதுக் கட்டை அவிழ்த்துக் கவுண்டரில் பரப்பினார். "நெலம் இருக்குன்னு சொல்லுங்க. வரி கட்டியிருக்கேன்னு சொல்லுங்க. பாருங்க துவான், எல்லா வருசமும் இருக்கு!"

அதிகாரி ரசீதுகளைக் கையில் எடுத்தார். ஒரு பென்சிலை எடுத்து, நிலத்தின் எண்ணை ஃபைலின் மேலட்டையில் குறித்துக்கொண்டார்.

சோமசேகரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நிலம் இருப்பதே இந்த அலுவலகத்துக்கு இதுவரை தெரியாது. இதோ, தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தாயிற்று. பெயர் நீங்கினால் எதை எடுத்துக்கொள்வது என்று இனி சர்க்கார் தேடவே வேண்டாம்.

"ரசீது கம்பெனி பேரில் இருக்கிறது" என்றார் இஞ்சே ஓஸ்மான். "நல்லது. ஆனால் ரிட்டர்னில் சொத்து இல்லை என்று இருக்கிறதே? இதில் எது பொய்? இவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழில் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார். எழுதியது வேறொருவர்."

பழைய ரிட்டர்னைத் திருப்பிக் கவுண்டரில் வைத்தார். வலது பக்கம் சாய்ந்து ஓடும் முத்து முத்தான எழுத்து. சோமசேகரத்தின் இலாகாவிலிருந்து இந்த அலுவலகத்துக்கு வரும் குறிப்புகளும் அதே சாய்வில்தான் வரும்.

"அழகான கை" என்றார் அதிகாரி. "எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது. இதை எழுதியவர் இங்கே வரட்டும். நிலம் கம்பெனியுடையதுதான், தவறுதலாக விட்டுப்போயிற்று என்று ஒரு சத்தியக் கடுதாசியில் கையெழுத்துப் போடட்டும். பட்டியலிலிருந்து பெயரை நானே அடிக்கிறேன். எழுதியவர் யார் என்று இவரிடம் கேளுங்கள்."

சோமசேகரம் அந்த எழுத்தைப் பார்த்தார்.

ஒரு சொல் போதும். 'நான்' என்ற ஒரே சொல். மலாயில் சொன்னாலும் சரி, இங்கிலீசில் சொன்னாலும் சரி. பன்னிரண்டு ஏக்கரும் ஐயாசாமிக்கு மிஞ்சும். இருபத்தெட்டு வருஷம் தனக்குப் போகும். யாழ்ப்பாணத்தில் அரைகுறையாய் நிற்கும் கல்வீடும், மூத்தவள் ஞானேஸ்வரிக்குப் பேசிவைத்த இடமும் கண்முன்னே வந்து நின்றன.

அவர் ஐயாசாமி பக்கம் திரும்பினார். ஒரு எழுத்தும் மாற்றாமல் மொழிபெயர்த்தார்.

"இதை எழுதினவர் ஆர் எண்டு கேக்கிறார். அவர் வந்து கையெழுத்துப் போட்டா காணி தப்புமாம்."

ஐயாசாமி அவர் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்ததாகச் சோமசேகரத்துக்குத் தோன்றியது. உண்மையில் மூச்சு ஒன்று விடும் நேரம்தான். கேள்வியை விட்டு, அந்த முகத்தில் இருந்த பதிலை அவர் படித்துக்கொண்டார்.

"எழுதுனவரு செத்துப்போயிட்டாருன்னு சொல்லுங்க கிராணியாரே."

"ஐயாசாமி..."

"சொல்லுங்க. துவான் பாத்துக்கிட்டிருக்காரு."

சோமசேகரம் அதிகாரியின் பக்கம் திரும்பினார்.

"டியா சுடா மாத்தி, துவான். அவர் இறந்துவிட்டார்."

இஞ்சே ஓஸ்மான் பென்சிலை மேசையில் வைத்தார். "எப்போது?"

இந்தக் கேள்வியைச் சோமசேகரம் மொழிபெயர்க்கவில்லை. "ஜனவரியில்" என்று அவரே சொன்னார்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். ஐயாசாமியின் வாக்குமூலம் என்று தலைப்பிட்டு, கீழே ஐயாசாமியின் கையெழுத்தை வாங்கினார். 'மொழிபெயர்த்தவர்' என்ற இடத்தில் சோமசேகரமும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இரண்டு எழுத்துகள் மட்டும், சாய்வில்லாமல், நிமிர்த்திக் கிறுக்கினார்.

"பட்டியல் சனிக்கிழமை காலை எட்டு மணி வரை என் மேசையில்தான் இருக்கும்" என்றார் இஞ்சே ஓஸ்மான். அப்போது அவர் ஐயாசாமியைப் பார்க்கவில்லை. "அதற்குள் வேறு யாராவது வந்தால் பார்க்கலாம்."

வெளியே மழை விட்டிருந்தது. ஐயாசாமி ரசீதுகளைத் திரும்ப அடுக்கி நூல் சுற்றினார்.

"நீர் ஏன் அப்பிடிச் சொன்னீர்?" என்றார் சோமசேகரம்.

"வேற என்ன சொல்றது? நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க என்னைய சொல்லச் சொல்லிட்டீங்க." குரலில் கோபமே இல்லை. "பொந்தியான் பஸ் எத்தன மணிக்கு?"

4

வெள்ளிக்கிழமை முழுக்கச் சோமசேகரம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. "என்னப்பா, காய்ச்சலோ?" என்று மனைவி அன்னபாக்கியம் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பூரணி கம்பெனியில் நாற்பது பங்குக்குச் சொந்தக்காரி அவள். அந்த விவரம் அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்குப் பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர் நடைபாதையில் நின்றார். ஜன்னல் வழியே இஞ்சே ஓஸ்மானின் தொப்பி தெரிந்தது. தெருவைக் கடக்க இருபது அடி. ஒரு மாட்டு வண்டி போயிற்று. ஒரு லாரி போயிற்று. பிறகு தெரு காலியாகவே இருந்தது.

எட்டடித்தது. பியூன் ஒருவன் காக்கி உறையோடு வெளியே வந்து, சைக்கிளில் ஏறி அச்சுக்கூடம் இருந்த திசையில் மிதித்தான்.

சோமசேகரம் தன் அலுவலகத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். பன்னிரண்டு நிமிஷம் தாமதம். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. துரை அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அடுத்த கெஜட்டில் பூரணி கம்பெனி கலைந்தது. நில அலுவலகத்து ஆட்கள் வந்து அளந்தார்கள். வீடு இருந்த கால் ஏக்கருக்கு மட்டும் ஒரு வருஷத் தற்காலிக லைசென்ஸ் கொடுத்தார்கள். மற்றது ஒரு டின் தொழிற்சாலைக்குப் போயிற்று. மறு வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை. காய்த்து நின்ற வரிசைகளுக்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று யாரோ சொல்லி, ஐயாசாமி நடையாய் நடந்தார். நிலம் கம்பெனியுடையது, பயிரும் கம்பெனியுடையது, கம்பெனி இல்லை என்று பதில் வந்தது.

இதெல்லாம் சோமசேகரத்துக்குக் காகித வழியாகத்தான் தெரிந்தது. சில காகிதங்கள் அவர் மேசை வழியாகவே போயின. அவற்றில் அவர் வழக்கம்போலக் குறிப்பெழுதி அனுப்பினார்.

1937 அக்டோபரில் பென்ஷன் வந்தது. வெள்ளிச் சரிகை மாலை, தேநீர் விருந்து, துரையின் பேச்சு. அதற்கடுத்த வாரமே ஜொகூர் பாருவில் ஒரு வக்கீலைப் பார்த்தார். தன் பெயரை மட்டும் மறைத்து எல்லாவற்றையும் சொன்னார்.

"முடியும்" என்றார் வக்கீல். "கலைந்த கம்பெனியைத் திரும்ப எழுப்பச் சொல்லிப் பங்காளி எவரும் கோர்ட்டுக்குப் போகலாம். நிலமாகவே திரும்பாவிட்டாலும் ஈடு கேட்க வழியுண்டு. ரிட்டர்ன் எழுதினவர் சாட்சிக் கூண்டில் ஏறினால் கேஸ் பாதி ஜெயித்த மாதிரி."

சோமசேகரம் அன்றைக்கே பஸ் ஏறினார்.

ஐயாசாமி இப்போது ஆயர் ஈத்தாமில் இருந்தார். சீனர் ஒருவரின் மண்பாண்டச் சூளைக்கு விறகு பிளந்து அடுக்கும் வேலை. சூளைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அறுபதைத் தொட்ட மனுஷர் கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தார்.

"வாங்க கிராணியாரே. பென்சன் வந்துருச்சாமே? சந்தோசம்."

கேலியா என்று சோமசேகரம் முகத்தைத் தேடிப் பார்த்தார். இல்லை. உண்மையாகவே விசாரித்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"ஐயாசாமி, கோர்ட்டுக்குப் போவம். நான் சாட்சி சொல்லுறன். எழுதினது நான்தான் எண்டு சொல்லுறன். இனி எனக்குப் பயமில்லை."

"உங்களுக்கு இல்ல. சரி." ஐயாசாமி பெஞ்சைத் துண்டால் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். "எனக்கு இருக்கே."

"உமக்கென்ன பயம்?"

"எழுதுனவரு செத்துட்டாருன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நான்தானே. சர்க்காருகிட்ட பொய்ச் சத்தியம். நீங்க கூண்டுல ஏறி 'இதோ உசுரோட இருக்கேன்'னு சொன்னா, மொதல்ல யாரு கையில வெலங்கு மாட்டுவான்?"

மூன்று வருஷமாக, பென்ஷன் வந்ததும் போய்ச் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று எண்ணியபடியே இருந்த சோமசேகரத்துக்கு இது தோன்றவே இல்லை. அந்த வாக்குமூலத்தில் இரண்டு கையெழுத்து. தன் கையெழுத்துக்குக்கூட ஒரு சாக்குச் சொல்லிக்கொள்ளலாம்: அவர் சொன்னதைச் சொன்னேன், மொழிபெயர்ப்பாளன்தானே என்று. ஐயாசாமிக்கு எந்தச் சாக்கும் இல்லை.

"வக்கீலைக் கேட்டுப் பாப்பம். மன்னிப்புக் கேட்டா..."

"வேணாம் கிராணியாரே. அறுவது வயசுல ஜெயில்ல போயி நிக்க மாட்டேன். இங்க கூலி சரியா குடுக்குறான். மழையில நனையாம வேல."

கிருஷ்ணம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளும்."

"அந்தச் சனிக்கெழம. எட்டு மணி வரைக்கும் டைம் இருக்குன்னு துவான் சொன்னாராமே. இவரு பஸ்ஸுல வந்து எங்கிட்ட சொன்னாரு. 'கிராணியாரு யோசிப்பாரு, போவாரு'ன்னு ராத்திரி பூரா சொல்லிக்கிட்டே இருந்தாரு. போனீங்களா?"

"கிருஷ்ணம்மா!" என்றார் ஐயாசாமி.

"தெரிஞ்சிக்கிறேனே."

சோமசேகரம் டம்ளரைப் பார்த்தார். போகவில்லை என்று சொன்னால் அது உண்மை. போனேன் என்று சொன்னாலும் அது உண்மைதான்.

"எதிர்ப்பக்கம் வரைக்கும் போனனான்" என்றார்.

கிருஷ்ணம்மா தலையசைத்தாள். ஏதோ ஒரு கணக்கு நேர் செய்தவள்போல், காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சூளைப் பக்கமிருந்து சீன முதலாளி, தவுக்கே, கூப்பிட்டார். அடுத்த அடுக்கு ஏற்ற வேண்டும். ஐயாசாமி எழுந்து துண்டைத் தலையில் கட்டினார்.

"நீங்க குடிச்சிட்டுப் போங்க. ஜொகூர் பாரு பஸ் அஞ்சு மணிக்கு. அதோ அந்தக் கடைக்கு எதுத்தாப்புல நிக்கும்."

அவர் போய்விட்டார். கோடரிச் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது. சோமசேகரம் தேத்தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். ஆறிப்போயிருந்தது, சீனியும் இல்லை. டம்ளரைக் கழுவி வைக்கலாமா என்று பார்த்தார். தண்ணீர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. பெஞ்சின் ஓரத்திலேயே அதை வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே எழுந்து நடந்தார்.